கேள்வி – பதில்: வயிற்றில் பையோடு வளரும் குழந்தை

இம்மாதம் வந்த கடிதங்களில் ஆறு, சிங்கப்பூரின் வெவ்வேறு பேட்டைகளிலிருந்து எழுதப்பட்டவை என்றாலும், ஒரே கவலையைச் சுற்றியே வருகின்றன. குடலின் ஒரு முனையை வயிற்றின்மேல் திறந்துவைத்து, கழிவு ஒரு பையில் சேரும்படி அறுவை சிகிச்சை செய்யப்பட்ட பிள்ளைகளின் குடலில், பாக்டீரியாக்கள் என்ன ஆகின்றன என்பதே அந்தக் கவலை. அந்தத் திறப்பை மருத்துவமனையில் எல்லாரும் ‘ஸ்டோமா’ என்றே சொல்வதால் நானும் அச்சொல்லையே கையாள்கிறேன்.

கேள்வி: என் மகன் 27 வாரத்திலேயே பிறந்துவிட்டான். குடல் திசு அழியும் ‘நெக்’ என்ற நோய் வந்து, மூன்றாம் வாரத்தில் அறுவை சிகிச்சை செய்து, சிறுகுடலில் ஒரு பகுதியை அகற்றி இலியோஸ்டமி (சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வைக்கும் ஸ்டோமா) வைத்தார்கள். இப்போது நான்கு மாதம், வீட்டில் இருக்கிறான். பையில் விழுவது பச்சையும் மஞ்சளுமாகத் தண்ணீர்போல இருக்கிறது. மலத்தின் நெடியே இல்லை, புளித்த வாடைதான் வருகிறது. நல்ல பாக்டீரியா எல்லாம் போய்விட்டது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
— ஒரு தாய், செங்காங்

பதில்: போய்விடவில்லை, அம்மா. ஆனால் உங்கள் மகனின் பையில் இருக்கும் கூட்டமும், அதே வயதுடைய வேறொரு குழந்தையின் டயப்பரில் இருக்கும் கூட்டமும் ஒன்றல்ல என்பது உண்மைதான். அதற்கு நோயை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இடமும் ஒரு காரணம்.

நீங்கள் கவனித்த நிறத்திலிருந்தே தொடங்குவோம். மலத்தின் பழுப்பு நிறம் நாம் உண்ணும் உணவிலிருந்து வருவதன்று. கல்லீரல் பித்தநீரோடு வெளியேற்றும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் படிப்படியாக மாற்றுவதால்தான் அந்த நிறம் உண்டாகிறது. அந்த மாற்றத்தைத் தொடங்கிவைக்கும் பாக்டீரிய நொதி எது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2024இல்தான் கண்டறிந்து அறிவித்தார்கள். உங்கள் மகன் குடிக்கும் பால் பெருங்குடலை எட்டுவதற்கு முன்பே வெளியேறிவிடுவதால், பித்தம் யார் கையும் படாமல் பச்சையும் மஞ்சளுமாகவே பைக்கு வந்து சேர்கிறது. வாடையின் கதையும் இதுவே. மலத்துக்கே உரிய நெடி, பெருங்குடல் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது பிறக்கும் இண்டோல், ஸ்கேட்டோல் போன்ற பொருள்களால் வருவது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இருப்பவையோ பெரும்பாலும் சர்க்கரையைப் புளிக்கவைப்பவை. இரவில் ஆட்டிவைத்த தோசை மாவு காலையில் வீசும் வாடையை உங்கள் மூக்கு நினைவுகூர்ந்திருந்தால் வியப்பில்லை.

எண்ணிக்கையிலும் பெரிய இடைவெளி உண்டு. பெரியவர்களின் சிறுகுடல் முடிவில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லியன் முதல் 100 மில்லியன் வரை பாக்டீரியாக்கள் இருக்கும். பெருங்குடலிலோ ஒரு கிராமுக்கு 100 பில்லியன் என்ற அளவில் இருக்கும். அங்கே ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. காற்றுப் பட்டாலே மடிந்துவிடும் பாக்டீராய்டிஸ், கிளாஸ்ட்ரிடியா வகைகள்தாம் அங்கே கோலோச்சுகின்றன. சிறுகுடலை வெட்டி வயிற்றின்மேல் திறந்துவைக்கும்போது அதன் வாய் வெளிக்காற்றைச் சந்திக்கிறது. காற்றைப் பொறுக்காதவை பின்வாங்க, காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, எண்டரோகாக்கஸ், லாக்டோபேசில்லஸ் போன்றவை இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வாஷிங்டனில் சிறுகுடல் மாற்று அறுவை சிகிச்சை பெற்றவர்களிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: இலியோஸ்டமி திறந்திருந்த காலம் முழுவதும் காற்றைப் பொறுக்கும் பாக்டீரியாக்களே மேலோங்கியிருந்தன; திறப்பை மூடியபின் காற்றை வெறுப்பவை மீண்டும் வந்து குடியேறின. ஆகவே உங்கள் உறவினரிடம், நல்லவர்கள் ஓடிப்போகவில்லை, வீட்டின் கூரை திறந்திருப்பதால் வேறு ஆள்கள் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

ஈ.கோலை என்ற பெயரைப் பார்த்தும் அஞ்ச வேண்டாம். தியோடோர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885இல் அதை முதன்முதலில் விவரித்ததே கைக்குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்துதான். அதன் பெரும்பாலான வகைகள் குடலுக்குள் இருக்கும்வரை யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

உங்கள் மகனுக்கு வேறு இரண்டு காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. குறைமாதத்தில் பிறந்து தாயின் மடிக்குப் பதிலாக இன்குபேட்டரில் பல வாரங்கள் கிடந்த குழந்தைக்கு முதலில் வந்து சேர்பவை மருத்துவமனைச் சூழலின் பாக்டீரியாக்கள். நெக் நோய்க்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மருந்துகள் அவற்றிலும் பலவற்றைத் துடைத்துவிட்டிருக்கும். இங்கே தாய்ப்பாலுக்கு ஈடில்லை. தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மிகுந்திருக்கும் திடப்பொருள் ஒருவகைச் சர்க்கரைத் தொடர். அதைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. பிஃபிடோபாக்டீரியாவின் சில வகைகளே அதை விரும்பி உண்கின்றன. பிள்ளையால் செரிக்க முடியாத ஒன்றைத் தாயின் உடல் இவ்வளவு மெனக்கெட்டு உண்டாக்குகிறது என்றால், பந்தி யாருக்காகப் போடப்படுகிறது என்பது விளங்கும். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் 2017இல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டதும் குறைமாதக் குழந்தைகளை மனத்தில் வைத்துத்தான். உங்களுக்குப் பால் சுரக்கிறது என்றால், கொஞ்சமாக இருந்தாலும், விடாதீர்கள்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பாக்டீரியாவைவிட உப்பைப் பற்றியே அதிகம் கவலைப்படுவேன். தண்ணீரையும் சோடியத்தையும் மிச்சம் பிடிக்கும் வேலையைச் செய்வது பெருங்குடல். அதைத் தாண்டாமல் வெளியேறும் நீரில் உப்பு ஏராளமாகப் போய்விடுகிறது. உடலில் சோடியம் குறைந்தால், பால் போதிய அளவு குடித்தாலும் எடை ஏறாது. அதனால்தான் மருத்துவர்கள் அவ்வப்போது சிறுநீரில் சோடியம் பார்க்கிறார்கள். சில குழந்தைகளுக்கு உப்புக் கரைசலை மருந்தாகவே எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த அளவை வீட்டில் நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பையில் சேர்வதை அளந்து எழுதி வையுங்கள். ஒரு நாளில் குழந்தையின் எடைக்குக் கிலோவுக்கு 20 மில்லிலிட்டரைத் தாண்டத் தொடங்கினால், அதாவது ஐந்து கிலோ குழந்தைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் போனால், மருத்துவமனைக்குத் தெரிவிப்பது நல்லது. உங்கள் மருத்துவர் வேறு எல்லை சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. உச்சிக்குழி உள்வாங்கினாலோ, டயப்பர் நனைவது குறைந்து பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, பச்சையாக வாந்தியெடுத்தாலோ, ஸ்டோமாவின் ஈரச் சிவப்பு மாறிக் கருநீலமானாலோ காலைவரை காத்திருக்கக் கூடாது.

கேள்வி: ஏழு மாத மகளுக்குச் சிறுகுடல் மிகக் குட்டை. இலியோஸ்டமி இருக்கிறது, மார்பில் செருகிய குழாய் வழியாக இரவில் ஊட்டச்சத்து ஏற்றுகிறோம். மருந்துக் கடையில் குழந்தைகளுக்கான புரோபயோட்டிக் பொடி, அதாவது உயிருள்ள நல்ல நுண்ணுயிரிகள் அடங்கிய பொடி, விற்கிறார்கள். என் மாமியார் மோர் ஒரு கரண்டி கொடுக்கலாம் என்கிறார். தேக்காவிலிருந்து உரை மருந்துச் சாமான்களும் வாங்கி வைத்திருக்கிறார். எதைக் கொடுக்கலாம்?
— ஒரு தந்தை, ஜூரோங் வெஸ்ட்

பதில்: அந்தக் குழாய் இருக்கும்வரை, மருத்துவர் சொல்லாமல் மூன்றில் எதையும் கொடுக்காதீர்கள், ஐயா. உங்கள் மாமியாரின் அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வசம்பையும் சாதிக்காயையும் மாசிக்காயையும் கல்லில் இழைத்துக் கொடுத்து நம்மை வளர்த்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் கல்லும் கடைத்தெருச் சாமானும் நுண்ணுயிரி நீக்கப்பட்டவை அல்ல. பாதிக் குடலோடு, இரத்தக் குழாய்க்குள் ஒரு நெகிழிக் குழாயையும் சுமக்கும் குழந்தைக்காக அந்த வழக்கம் ஏற்பட்டதும் அன்று.

புரோபயோட்டிக் விஷயத்தில் இரண்டு பக்கமும் சொல்லிவிட வேண்டும். குறைமாதக் குழந்தைகளிடம் நெக் நோய் வருவதை அது குறைக்கக்கூடும் என்று பல ஆய்வுகள் காட்டியிருப்பதால், சில நாடுகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் அதைக் கொடுக்கிறார்கள். அது நோய் வருமுன், தேர்ந்தெடுத்த வகையை, மருத்துவர்களின் கண் முன்னே கொடுப்பது. அப்படியிருந்தும், 1,000 கிராமுக்கும் குறைந்த எடையோடு பிறந்த ஒரு குழந்தையின் இரத்தத்தில் புரோபயோட்டிக்கில் இருந்த அதே பிஃபிடோபாக்டீரியம் புகுந்து, குழந்தை இறந்ததை அடுத்து, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023இல் மருத்துவமனைகளை எச்சரித்தது. குடலுக்குள் நல்லது என்று பெயர் வாங்கிய ஒன்று இரத்தத்துக்குள் நுழைந்தால் நல்லதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

உங்கள் வீட்டில் நடக்கக்கூடியது இன்னும் சாதாரணமானது. சில பொடிகளில் இருப்பது பாக்டீரியாவே அன்று, ஈஸ்ட் வகை. பாக்கெட்டைக் கிழிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூள் காற்றிலும் விரல் நுனியிலும் ஒட்டுகிறது. அதே கையால் குழாயின் மூடியைத் தொட்டால் ஈஸ்ட் நேராக இரத்தத்துக்குப் போய்ச் சேரும். இப்படிப்பட்ட இரத்தத் தொற்றுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. குழாய் உள்ள நோயாளிக்கு அருகில் அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கவே கூடாது என்பதும் அதனால்தான். இன்னொன்று: பிற்காலத்தில் ஸ்டோமாவை மூடியபின், குட்டைக் குடலில் லாக்டோபேசில்லஸ் அளவுமீறிப் பெருகினால், டி-லாக்டிக் அமிலம் இரத்தத்தில் சேர்ந்து, பிள்ளை குடித்தவரைப் போலத் தள்ளாடுவதும் உண்டு. மோரில் இருப்பதும் லாக்டோபேசில்லஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குழாய் எடுக்கப்பட்டு, கூழும் சோறும் ஒத்துக்கொள்ளும் காலம் வரும்போது தயிரைப் பற்றி உணவியல் நிபுணரிடம் கேளுங்கள், சம்மதிக்கக்கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். சேனை தொட்டுவைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் தேனைத் தவிர்த்துவிடுங்கள். தேனில் சில சமயம், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் நோய்க் கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர்களின் குடலில் நிறைந்திருக்கும் கூட்டம் அவற்றை முளைக்கவிடாது. ஒரு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையின் குடலிலும் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை.

கேள்வி: பேரனுக்கு வயிற்றில் இரண்டு துளைகள். மேல் துளையின் பையில் சேர்வதை ஊசிக் குழலில் உறிஞ்சி, கீழ்த் துளைக்குள் தாதி செலுத்துகிறார். கழிவை மறுபடி உள்ளே விடுவதா? பார்க்கவே மனம் ஒப்பவில்லை. கிருமி சேராதா?
— ஒரு பாட்டி, அங் மோ கியோ

பதில்: பாட்டியம்மா, வார்டில் இதே கேள்வியைக் கேட்காத பாட்டியை நான் பார்த்ததில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருவர் ஜன்னலருகே போய் நின்று, முடிந்தது என்று சொல்லும்வரை திரும்பவேயில்லை.

தாதி செலுத்துவதை மலம் என்று நினைக்காதீர்கள். அது வழியில் நிறுத்தப்பட்ட உணவு. வெட்டப்படாதிருந்தால் உங்கள் பேரனின் சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்குத் தானாகவே போயிருக்கக்கூடிய பால், பித்தம், செரிமான நீர், உப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. இரண்டு துளைகளுக்கு நடுவே அறுந்துபோன பாதையைத் தாதியின் கை இணைக்கிறது, அவ்வளவுதான். அவன் குடலிலிருந்து அவன் குடலுக்கே போகிறது, வேறொருவருடையது கலப்பதில்லை.

இதனால் கிடைப்பது பல. கீழ்க்குடல் தண்ணீரையும் சோடியத்தையும் உறிஞ்சிக்கொள்வதால் எடை ஏறுகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதி கீழ்ப்பக்கத்தில் எஞ்சியிருந்தால் பித்த உப்பையும் அது திரும்ப எடுத்துக்கொள்ளும். வேலையில்லாமல் கிடக்கும் குடல் சுருங்கி ஒடுங்கிவிடும். மேல் முனை அகன்றும் கீழ் முனை பென்சிலைப்போல மெலிந்தும் இருந்தால், பிறகு இரண்டையும் தைத்து இணைக்கும் அறுவை மருத்துவருக்குத் திண்டாட்டம். இந்த மாதக் கடிதங்களின் பொருளுக்கு மிக நெருங்கிய பயனும் ஒன்று உண்டு: கீழே பட்டினி கிடக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவு போகிறது, மேலிருந்து புதியவையும் விதையாகப் போய்ச் சேர்கின்றன. காற்றில்லாத அந்த இருட்டில் பெருங்குடலுக்குரிய கூட்டம், ஸ்டோமா மூடப்படும் நாளுக்கு முன்பே, மெல்லத் தலையெடுக்க வாய்ப்புக் கிடைக்கிறது.

கிருமி பற்றிய உங்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பையில் நெடுநேரம் கிடந்ததை, அதுவும் நம் ஊர் வெப்பத்தில், செலுத்தக் கூடாது. அதனால்தான் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாகச் சேர்ந்ததை எடுத்து மெல்ல ஏற்றுகிறார்கள். தொடங்குமுன் கீழ்க்குடலில் அடைப்போ ஒடுக்கமோ இல்லை என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் வழக்கம். மெல்லிய குழாயால் குடலில் காயம் படக்கூடும் என்பதால், பயிற்சி பெறாதவர் செய்யக் கூடாது. செலுத்தும்போது வயிறு உப்பினாலோ, பிள்ளை வீறிட்டாலோ, இரத்தம் கசிந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் (குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் மலம் நகராத பிறவி நோய்) என்று மகனுக்கு கொலோஸ்டமி, அதாவது பெருங்குடலில் ஸ்டோமா, வைத்திருக்கிறது. மலம் எல்லாம் பையில்தான் விழுகிறது. ஆனாலும் ஆசனவாய் வழியாக அவ்வப்போது சளிபோல வருகிறது. சென்ற வாரம் அதில் இரத்தக் கீற்று இருந்தது. ஏன்?
— ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: சளி வருவது இயல்பு. மலம் போகாவிட்டாலும் கீழ்க்குடலின் சவ்வு சளியைச் சுரந்துகொண்டேதான் இருக்கும்.

இரத்தக் கீற்றை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காரணம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தங்களுக்கு வேண்டிய எரிபொருளில் பெரும்பகுதியை இரத்தத்திலிருந்து பெறுவதில்லை. பாக்டீரியாக்கள் நார்ச்சத்தையும் செரிக்காத சர்க்கரையையும் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலமே அவற்றுக்கு முதன்மை உணவு. மலம் திசைமாற்றப்பட்டால் பாக்டீரியாவுக்கு உணவில்லை. பாக்டீரியா பட்டினி கிடந்தால் குடற்சுவரும் பட்டினி கிடந்து, அழன்று, தொட்டாலே கசிகிறது. இந்த அழற்சி 1981இல் தனியாகப் பெயரிட்டு விவரிக்கப்பட்டது. அத்தகைய கொழுப்பு அமிலக் கரைசலைக் கீழ்க்குடலில் செலுத்தியபோது அழற்சி தணிந்ததாக 1989இல் மருத்துவர்கள் எழுதினார்கள். குடலை மீண்டும் இணைத்தால் பொதுவாகத் தானே ஆறிவிடும்.

ஆனால் ஹிர்ஷ்ஸ்பிரங் உள்ள பிள்ளைகளுக்கு வேறோர் ஆபத்தும் இருப்பதால் இதை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சல், வயிறு உப்புதல், நாற்றமடிக்கும் நீர்க் கழிவு, சோர்வு ஆகியவை சேர்ந்து வந்தால் அது குடல் அழற்சியின் வேகமான வடிவமாக இருக்கலாம். ஸ்டோமா இருக்கும்போதும் வரும், மூடியபின்னும் வரும். அதற்குப் பலதுறை மருந்தகத்தில் வரிசை எண் எடுத்துக் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போங்கள்.

கேள்வி: இரண்டு வயதுப் பேத்தியைப் பாலர் பராமரிப்பு நிலையத்தில் சேர்க்கிறோம். பையிலிருந்து மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றுமா என்று ஆசிரியர் கேட்கிறார்.
— ஒரு தாத்தா, யீஷூன்

பதில்: டயப்பரிலிருந்து எவ்வளவு தொற்றுமோ அவ்வளவே. பையை மாற்றியபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். எதிர்த்திசையில்தான் எனக்குக் கவலை: வயிற்றுப்போக்கோ, கை, கால், வாய்ப்புண் நோயோ பரவும் நாள்களில் பேத்திக்குத் தொற்றினால், மற்றப் பிள்ளைகளைவிட அவள் உடலில் நீர் வேகமாக வற்றும். அப்படிப்பட்ட செய்தி வந்தால் உடனே உங்களைத் தொலைபேசியில் அழைக்கும்படி ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். மாற்றுப் பை இரண்டும் ஓர் உடுப்பும் அவள் தோள்பையிலேயே இருக்கட்டும். மதிய வியர்வையில் ஒட்டு விட்டுப்போவது இங்கே அன்றாட நிகழ்வு. குளிப்பாட்டும் தண்ணீர் ஸ்டோமாவுக்குள் போய்விடுமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். போகாது.

கேள்வி: மகளின் ஸ்டோமாவை மூடி மூன்று வாரம் ஆகிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை போகிறாள். புட்டம் வெந்ததுபோலச் சிவந்து, துடைத்தாலே அலறுகிறாள். பை இருந்த காலமே மேல் என்று தோன்றுகிறது.
— ஒரு தாய், புக்கிட் பாத்தோக்

பதில்: பல தாய்மார்கள் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து மலமே படாத தோல் அது. மாதக்கணக்கில் சும்மா இருந்த பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சும் வேலையை இப்போதுதான் பழகுகிறது. பித்த உப்பு மிச்சமாக வெளியேறித் தோலைச் சுடுகிறது. அங்கே குடியேற வேண்டிய பாக்டீரியாக்களும் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. கூட்டம் நிலைபெறப் பெற மலம் கெட்டிப்படும், நிறமும் மெல்லப் பழுப்பாகும். சிலருக்கு வாரங்கள், சிறுகுடலை நிறைய இழந்தவர்களுக்கு மாதங்கள் பிடிக்கும்.

அதுவரை தோலைக் காப்பாற்றுங்கள். துடைப்பதை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் கழுவி, மென்துணியால் ஒற்றி எடுங்கள். துத்தநாக ஆக்சைடு களிம்பைக் கேக்கின் மேல் ஐசிங் பூசுவதைப்போலத் தடிப்பாகப் பூசி, அடுத்த முறை மேலே அழுக்கான படலத்தை மட்டும் எடுத்துவிட்டு, தோலோடு ஒட்டியிருப்பதைச் சுரண்டாமல் அதன் மேலேயே இன்னொரு படலம் பூசுங்கள். மடிப்புகளில் சிறு சிவப்புப் புள்ளிகள் சுற்றிலும் பரவினால் அது காளான் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனிக் களிம்பு தேவைப்படும் என்பதால், ஸ்டோமா தாதியிடம் ஒரு படம் எடுத்துக் காட்டிவிடுங்கள்.